சர்க்கரையும் பட்டிழையும்

திரைப்படங்களைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று புருவம் நெரிப்போர் நம் வாசகரிடையே சிலர் உண்டென்பதை அறிவோம். படம் பார்த்தல் ஆகுமா, ஆகாதா என்னும் மஸ்அலாவுக்கு விடை கூறுவது இக்கட்டுரையின் பணியன்று. அதற்குரிய பெருமக்கள் இருக்கின்றனர். கொட்டகையின் இருட்டிலும் கூச்சலிலும் நமக்கு என்றுமே நாட்டம் இருந்ததில்லை. ஆயின் கொட்டகை இன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இல்லத்துப் பிள்ளைகள் எதைப் பார்க்கின்றனர் என்று அருகமர்ந்து நோக்கத் தொடங்கியதன் விளைவாக, ஈரான், ஜோர்தான், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் படங்கள் சிலவும், விழாக்களில் பரிசு பெற்றும் கொட்டகைகளில் நெடுநாள் தங்காத தமிழ்ப் படங்கள் சிலவும் நம் பார்வைக்கு வந்தன. வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பாங்கொலி கேட்டதும் நிறுத்தலாம். தொழுதுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறையும் உண்டு. மலைச்சரிவு முழுவதும் உள்ளங்கையளவாகிவிடுகிறது. அதன்மேல் ஓடும் சிறுவன் எறும்பளவாகிவிடுகிறான்.

'இஸ்லாமியப் படம்' என்றாலே நம்மவர் நினைவுக்கு வருவது 1976இல் முஸ்தஃபா அக்காத் எடுத்த 'அர்-ரிசாலா' ஒன்றுதான். அரபியில் ஒரு நடிகர் குழு, ஆங்கிலத்தில் மற்றொன்று என இருமுறை எடுக்கப்பட்டது அப்படம். அண்ணலெம் பெருமானாரின் (ஸல்) திருவுருவையோ குரலையோ காட்டாது கதையை நடத்திச் சென்ற அடக்கம் பாராட்டற்பாலது. ஆயினும் அது வரலாற்றை எடுத்துரைக்கும் படம். நமக்குத் தெரிந்ததையே நமக்குக் காட்டிற்று. நாம் ஈண்டுப் பேச விழைவது வேறு வகை. போர்களும் ஒட்டகப் படைகளும் இல்லாமல், ஒரு வீட்டின் ஓரறைக்குள் தீனின் ஒரு சொல் எவ்வாறு வாழ்கிறது என்று காட்டும் படங்கள் அவை.

மஜீத் மஜீதியின் 'சுவர்க்கத்தின் குழந்தைகள்' (1997) அவற்றுள் முதன்மையானது. கதை பலரும் அறிந்ததே. அலீ என்னும் சிறுவன் தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைக்கக் கொடுத்து வாங்கி வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். தந்தையிடம் சொன்னால் புதிது வாங்கப் பணமிராது என்பது இருவர்க்கும் தெரியும். ஒரே இணைக் காலணியைக் காலையில் தங்கையும் பிற்பகலில் அண்ணனுமாக மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்கின்றனர். இப்படத்தைப் புகழ்வோர் யாவரும் இறுதி ஓட்டப் பந்தயத்தையே எடுத்துக்காட்டுவர். மூன்றாம் பரிசான காலணிக்காக ஓடியவன் முதற் பரிசு பெற்று அழுகிறான், நல்ல காட்சிதான். நாம் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தது அதையன்று. ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் மற்றொன்றை.

தந்தை தரையிலமர்ந்து பெருஞ் சர்க்கரைக் கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசலில் தேநீர் வழங்குவதற்கான சர்க்கரை அது. மகள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். சர்க்கரை எங்கே என்கிறார் தந்தை. எதிரிலேயே இவ்வளவு குவிந்து கிடக்கிறதே என்கிறாள் குழந்தை. இது பள்ளிவாசலுடையது, நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று கூறி, வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் செய்கிறார். வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது; மனைவியோ நோயாளி. அமானிதம் என்னும் சொல்லை வகுப்பறையில் பல்லாண்டுகள் விளக்கியிருக்கிறோம். மூன்றெழுத்து வேர்ச்சொல்லைப் பிரித்து, ஈமானும் அமானும் அமானிதமும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். அக்கரும்பலகை செய்யாததை ஒரு சர்க்கரைத் துண்டு செய்துவிடுகிறது. இசை உயரவில்லை, தந்தையின் முகத்தில் பெருமிதம் தோன்றவில்லை. தாம் ஏதோ அறச்செயல் புரிந்துவிட்டதாக அவர் எண்ணியதாகவே தெரியவில்லை. அதனால்தான் அக்காட்சி மனத்தில் நிற்கிறது என்பது நம் கருத்து.

இதை ஒரு நண்பரிடம் கூறியபோது அவர் மகிழ்ந்து, "பார்த்தீர்களா, அது நம் படம், நம் தமிழிலும் எடுத்தார்களே, திருடனைக் கதைத்தலைவனாக்கி ஒரு பட்டு நெசவுப் படம்!" என்றார். அவர் சுட்டியது பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. 2008இல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, மறு ஆண்டு கொட்டகைகளுக்கு வந்த படம். 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் ஈட்டித் தந்தது. ஒன்று நம் படம், மற்றொன்று திருடன் படம் என்னும் அவ்வகைப்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. பட்டு நெய்யும் ஆரணியில் இருந்துகொண்டு இதைக் கூறாதிருப்பதும் முறையன்று.

படத்தின் வேங்கடம் ஒரு நெசவாளி. நாள் முழுவதும் பட்டு நெய்தும் தன் மணப்பெண்ணைப் பட்டுடுத்தி அழைத்துவர இயலாதவன். மகள் பிறந்தபோது, இவள் திருமணத்தில் இவளைப் பட்டுச் சேலையில் அனுப்புவேன் என்று ஊரறிய வாக்களித்துவிடுகிறான். கேட்டவர் திகைக்கின்றனர். நெசவாளி வீட்டுப் பெண் பட்டுடுத்துவது நடவாத காரியம் என்பது அவ்வூரில் அனைவர்க்கும் தெரியும். சேர்த்த பணமும் குடும்பத்து நெருக்கடியில் கரைந்துபோகவே, முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நாள்தோறும் சிறிது பட்டிழையை வாய்க்குள் ஒளித்து வெளியே கொண்டுவருகிறான். இரவுகளில் மறைவாக ஒரு தறியில் அதனை நெய்கிறான். ஆண்டுகள் செல்கின்றன. அவனே பொதுவுடைமைக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். மகளின் மண நாள் நெருங்குகிறது. தறிக்கூடம் திறந்தாலன்றி இழை கிடையாது. தோழர்களை வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். இறுதியில் வாயில் இழையோடு பிடிபடுகிறான்.

தொழிலூரின் கண்ணுக்குத் தென்படும் பிழைகள் படத்தில் இல்லாமலில்லை. குழித்தறியின் ஓசையை ஒளித்து வைக்க முடியாது. பலகை வந்து மோதும் அந்த ஒலியை ஆரணித் தெருக்களில் நடப்பவர் எவரும் அறிவர்; எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் இன்று ஓடவில்லை என்று சுவருக்கப்பால் இருந்தே சொல்லிவிடுவர். ஆண்டுக்கணக்கில் இரவில் நெய்ததை அண்டை வீட்டார் அறியவில்லை என்பதைக் காஞ்சிபுரத்தாரும் நம்பமாட்டார். ஒளிப்பதிவின் அழகும் சில இடங்களில் மிகையாகிறது. வறுமையின்மேல் விழும் வெயில்கூடப் பொன்னிறமாக இருக்கவேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆயினும் அடிப்படையான ஒன்றைப் படம் சரியாகப் பற்றியிருக்கிறது. பட்டு நெசவில் பொருள் ஒருவருடையது, கை மற்றொருவருடையது. இங்கே பெரும்பாலான தறிகள் நெசவாளியின் வீட்டிலேயே இருக்கின்றன. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தருகிறார். எடை போட்டுத் தருகிறார். சேலை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மீண்டும் எடை. வாயைத் திறந்து காட்டு என்று எவரும் கேட்பதில்லை, தராசு பேசுகிறது. குறைந்தால் கூலியில் பிடித்தம். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்கிவிட்டாலோ, அது தீரும்வரை வேறொருவரிடம் பாவு வாங்க முடியாது. ஆக, நெசவாளியின் வீட்டில் இருப்பதனைத்தும் அமானிதம்; அவனுடையதென்று இருப்பது கடன். ஈரானியத் தந்தையின் முன் குவிந்த சர்க்கரையையும் நெசவாளியின் முன் விரிந்த பட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நண்பர் கருதுவதுபோல் ஒன்று நேர்மையின் கதை, மற்றொன்று களவின் கதை என்று பிரித்துவிட இயலாது. சர்க்கரையை ஒப்படைத்தவர்கள் அத்தந்தையின் உழைப்பை உண்டவர்களல்லர். பட்டை ஒப்படைத்தவரோ?

களவு களவுதான், அதனை நாம் மறுக்கவில்லை. வேங்கடம் செய்தது ஹலாலாகிவிடாது. ஆனால் களவை விசாரிக்கும்போது எங்கே நின்று விசாரிப்பது என்பதற்கு நம் முன்னோர் வழி காட்டியுள்ளனர். ஹாத்திப் இப்னு அபீ பல்தஆவின் (ரலி) அடிமைகள் முஸைனா குலத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்ட வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்ததை இமாம் மாலிக் (ரஹ்) 'முவத்தா'வில் பதிவு செய்துள்ளார்கள். முதலில் கரம் துண்டிக்கப் பணித்த கலீஃபா, பின்னர் எசமானரை நோக்கித் திரும்பி, இவர்களை நீர் பசிக்க வைத்திருக்கிறீர் என்றே கருதுவதாகக் கூறி, நானூறு திர்ஹம் பெறுமான ஒட்டகத்துக்கு எண்ணூறு திர்ஹம் கொடுக்கச் செய்தார்கள். விலையை இரட்டிப்பாக்குவது தம்மிடம் நடைமுறையில் இல்லை என்று இமாமவர்கள் அவ்விடத்திலேயே குறித்துவிடுவது வேறு செய்தி. நமக்கு வேண்டியது, வழக்கின் நடுவே கலீஃபாவின் பார்வை குற்றவாளியிடமிருந்து எசமானரை நோக்கித் திரும்பிய அக்கணம். 'காஞ்சிவரம்' அத்திருப்பத்தைச் செய்கிறது. அதே வேளையில் வேங்கடத்தை விடுவித்தும் விடவில்லை. இழைக்காகத் தோழர்களின் போராட்டத்தை அவன் முறிக்கும்போது, அவனுடைய களவு முதலாளியின் பொருளைத் தாண்டிச் சக தொழிலாளியின் கூலிக்குள்ளும் கை வைத்துவிடுகிறது. படத்தின் மிகக் கடுமையான தீர்ப்பு அதுவே. திருடனைக் கதைத்தலைவனாக்கிய படம் என்போர் இவ்விடத்தை எவ்வாறு தவறவிட்டனர் என்பது விளங்கவில்லை.

முடிவைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1948இல், சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில், காவலர் இருவர் உடன்வர மழையில் பேருந்தில் ஊர் திரும்புகிறான் வேங்கடம். மகள் தாமரை கிணற்றில் விழுந்து உடல் முடங்கிக் கிடக்கிறாள், பார்த்துக்கொள்ள எவருமில்லை. தன் கையாலேயே நஞ்சூட்டிவிடுகிறான். இதனை மார்க்கம் அறிந்த எவரும் ஏற்கவியலாது. படமும் ஏற்கச் சொல்லவில்லை என்றே எண்ணுகிறோம். பின்பு, தறியில் பாதியில் நின்ற அந்தப் பட்டை அறுத்தெடுத்து வந்து மகளின் உடலைப் போர்த்துகிறான். துணி போதவில்லை. முகத்தை மூடினால் கால் வெளியே தெரிகிறது; காலை மூடினால் முகம்.

அக்காட்சியைக் கண்டதும் உஹதுப் போர்க்களத்தை நினையாமலிருக்க நம்மால் முடியவில்லை. மக்காவின் செல்வக் குடும்பத்தில் உயர்ந்த ஆடைகளில் வளர்ந்த இளைஞரான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அக்களத்தில் ஷஹீதானபோது, கஃபனிடுவதற்கு ஒரு சிறு போர்வையன்றி வேறொன்றும் அவர்களிடம் இல்லை. தலையை மூடினால் பாதங்கள் வெளிப்பட்டன. பாதங்களை மூடினால் தலை வெளிப்பட்டது. தலையை மூடிப் பாதங்களின்மேல் இத்கிர்ப் புல்லை இடுமாறு அண்ணல் நபியவர்கள் (ஸல்) பணித்தார்கள். புகாரியில் இதனை அறிவிப்பவர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி). அவர்கள் வாள் செய்யும் கொல்லர். தாம் செய்த வேலைக்குரிய கூலியை ஆஸ் இப்னு வாயில் என்பானிடம் கேட்டு மறுக்கப்பட்டவர். கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளி ஒருவரே போதாத கஃபனின் செய்தியை நமக்குச் சொல்லியிருக்கிறார் என்பதை, இத்தனை ஆண்டுகள் ஓதிக்கொடுத்தும், இப்படத்தைப் பார்த்த இரவில்தான் இணைத்து எண்ணினோம். இயக்குநர் இவ்வறிவிப்பை அறிந்து காட்சியை அமைத்தார் என்று நாம் வாதிடவில்லை. அங்கே புல் இருந்தது. குறையை நிரப்பச் சொல்லும் ஒரு வாய் இருந்தது. சுற்றி ஒரு சமூகம் நின்றது. வேங்கடத்தின் வீட்டில் அவனன்றி ஒருவருமில்லை. இவ்வேறுபாட்டையே அந்த முடிவு பேசுகிறதென்று நாம் கொள்கிறோம்.

இன்னொன்றையும் நண்பருக்குச் சொல்லவேண்டும். 'சுவர்க்கத்தின் குழந்தைகள்' கதையை 2010இல் 'பம் பம் போலே' என்று இந்தியில் எடுத்தவர் இதே பிரியதர்ஷன்தான். தமிழில் 2022இல் சாமி இயக்கத்தில் 'அக்கா குருவி'யாக அது வந்தது. 'நம் படம்', 'அவர் படம்' என்னும் வேலி எவ்வளவு தாழ்வானது என்பதற்கு இதுவே போதும்.

நெசவைப் பேசும் ஈரானியப் படம் ஒன்றும் உண்டு. முஹ்ஸின் மக்மல்பாஃபின் 'கப்பே' (1996), நாடோடிகளான கஷ்காய் மக்களின் விரிப்பு நெசவைப் பற்றியது. விரிப்பில் நெய்யப்பட்ட பெண்ணே உயிர்பெற்று வந்து தன் கதையைக் கூறுகிறாள். கூடாரப் பள்ளியில் ஒருவர் வயலுக்கும் வானுக்கும் கையை நீட்டி நிறங்களைப் பறித்துக் குழந்தைகளுக்குக் காட்டுவது கண்ணைவிட்டகலாத காட்சி. ஆயினும் ஆரணிக்காரர் ஒருவர் அப்படத்தை முழுதும் பார்த்துவிட்டு, இவ்விரிப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் படத்திடம் விடையில்லை. விலையில்லாத நெசவு கவிதைக்கு அழகு, ஊருக்கு அந்நியம்.

அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) ஆசிரியர்கள் அவசியம் பார்க்கவேண்டியது. வீட்டுப்பாடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவராவிட்டால் பள்ளியைவிட்டு நீக்கிவிடுவதாக நிஅமத்ஸாதா என்னும் மாணவனை ஆசிரியர் மிரட்டுகிறார். அன்று மாலை அவனுடைய குறிப்பேடு தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டதைக் காணும் அஹ்மத், கோக்கர் சிற்றூரிலிருந்து மலைமேல் ஏறியிறங்கிப் போஷ்தே வரை ஓடி, அவன் வீட்டைத் தேடியலைகிறான். கிடைக்கவில்லை. இரவில் நண்பனின் வீட்டுப்பாடத்தையும் தானே எழுதிவிடுகிறான். ஆசிரியர் என்ற முறையில் அதனை ஏமாற்று என்றே நாம் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்துவிட்டோம். இனி எந்த மாணவனிடமும் அதற்குப் பிரம்பெடுக்க நமக்கு மனம் வருமா என்பது வேறு. படத்தில் பெரியவர்கள் எவரும் கெட்டவர்களல்லர். குழந்தை சொல்வதைக் காதில் வாங்காதவர்கள், அவ்வளவே. 1990இல் அப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபின், இயக்குநர் அச்சிறுவர்களைத் தேடிச் சென்றார். அத்தேடலிலிருந்து 1992இல் இன்னொரு படம் பிறந்தது.

இவ்வரிசையில் தமிழின் 'கூழாங்க'லையும் வைக்கலாம். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கியது; 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. குடிகாரத் தந்தையும் மகனும் வெயிலில் நடக்கின்றனர், கதை அவ்வளவே. தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயிலிட்டுக்கொள்ளும் சிறுவனின் பொறுமையைக் கண்டபோது, சப்ரு என்பதற்கு அகராதியில் தேடவேண்டியதில்லை என்று தோன்றிற்று. வசைச்சொற்கள் உண்டு, சிறுவரோடு அமர்ந்து பார்ப்போர் அறிந்துகொள்க.

அரபுப் படங்களைப் பார்க்கும்போது நமக்கு ஓர் இடர் நேர்கிறது. ஸர்ஃபும் நஹ்வும் கற்று, முஅல்லக்காத் பாடல்களுக்கு உரை சொல்லி வந்தவர்கள்தாம் நாம். நாஜி அபூ நுவார் எடுத்த ஜோர்தானியப் படமான 'தீப்' (2014) தொடங்கியதும், படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நோக்கியே ஓடவேண்டியதாயிற்று. அந்தப் பதவிகளின் பேச்சு நம் ஏட்டு அரபியன்று. ஓநாய் எனப் பொருள்படும் பெயருடைய சிறுவன், முதல் உலகப்போர்க் காலப் பாலையில், தமையனையும் இழந்து பகைவனோடு தனித்து விடப்படுகிறான். விருந்தினனைக் காப்பது கடமை என்னும் பழைய அரபு அறம் அவனை எங்கு கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே கதை. உமறுப் புலவர் சீறாவின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ் மண்ணாக்கிப் பாடினார். தமிழ்க் காப்பிய மரபு அவரிடம் அதனைக் கேட்டது. அம்மருதத்திலேயே அரேபியாவைக் கண்டு வளர்ந்த நமக்கு, நீரற்ற பாறைகளுக்கிடையே ஒரு கிணற்றின் பெறுமதியை இப்படம் காட்டுகிறது.

அடிவரி எதுவும் வேண்டாது நாம் முழுதும் பின்தொடர்ந்த அரபு, ஹைஃபா அல்மன்சூரின் 'வஜ்தா' (2012) படத்தில் வரும் குர்ஆன் கிராஅத் பகுதிதான். முழுவதும் சவூதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் இது. அந்நாட்டில் அப்போது பொதுக் கொட்டகைகளே இல்லை. 2018இல்தான் மீண்டும் திறந்தன. தெருக் காட்சிகளை வண்டிக்குள் மறைந்திருந்து கம்பியில்லாக் கருவிவழி இயக்கினார் அப்பெண்மணி. பத்து வயதுச் சிறுமி வஜ்தாவுக்கு மிதிவண்டி மீது ஆசை. பணமில்லை. பள்ளியில் கிராஅத் போட்டி வருகிறது. பரிசு ஆயிரம் ரியால். அதற்காகவே ஓதக் கற்கிறாள். முதலில் தடுமாற்றம், ஓசையில் கரடு. தாயருகே அமர்ந்து பயிலப் பயிலக் குரல் இளகுகிறது. தஜ்வீதின் விதிகளைப் பிள்ளைகளிடம் உருவேற்றி அலுத்த எவரும் அம்மாற்றத்தைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவர்.

பரிசை வென்றபின், பணத்தை என்ன செய்வாய் என்று தலைமையாசிரியை கேட்கிறார். மிதிவண்டி வாங்குவேன் என்கிறாள் அவள். அந்தப் பணம் பாலஸ்தீனத்துக்கு அனுப்பப்படும் என்று அவையிலேயே அறிவித்துவிடுகிறார் ஆசிரியை. இப்படம் மார்க்கப் பள்ளிகளை இழிவுபடுத்துகிறது என்றொரு குறை கூறப்படுகிறது. பாதி ஏற்கிறோம். தலைமையாசிரியையின் பாத்திரம் தட்டையானது. கண்டிப்பும் கரவுமன்றி அவருக்குள் வேறொன்றையும் எழுதவில்லை. கிராஅத்துக்கு வாழ்வை ஒப்படைத்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவரையேனும் அப்பள்ளியில் நடமாட விட்டிருக்கலாம். மற்றப் பாதியை ஏற்பதற்கில்லை. ஓதுதலுக்குப் பணப்பரிசை நிர்ணயித்தவர்கள் பெரியவர்கள். பரிசுக்காக ஓதினாள் என்று குழந்தையின் நிய்யத்தில் குறை காண்பவர்களும் அவர்களே. நம் மக்தபுகளின் ஆண்டு விழாக்களில் கைக்கடிகாரமும் மிதிவண்டியும் மேடையில் வரிசையாக வைக்கப்படுகின்றன. பிள்ளைகளின் கண் எங்கே இருக்கிறதென்று முன்வரிசையில் அமர்ந்திருப்போர்க்குத் தெரியும். ஒளிவுமறைவின்றி உண்மையைச் சொன்னதற்காக வஜ்தா பரிசை இழக்கிறாள். பொய் சொல்லியிருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும். அதனைப் படம் நமக்கெதிராக வைத்ததாகக் கருதிச் சினம் கொள்வதைவிட, வருகிற ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பட்டியல் எழுத அமரும் நிர்வாகத்தார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு எழுதலாம்.